முதல் பாராமுண்டிக்கு ஒரு சின்னப் பெட்டி போதும்

வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் தூண்டில் கடைக்குள் முதன்முறையாக நுழைகிறவர் பாவம். ஒரு சுவர் முழுக்க லூர்கள், அதாவது தூண்டில் முள் மாட்டிய போலி மீன்கள், தொங்கும். கிளிப்பச்சை, தங்கம், ரோஜா நிறம், புலிவரி, கண்ணாடி மினுக்கு என்று பண்டிகைக்கு முந்தைய நாள் வளையல் கடை போல இருக்கும். நல்லதாக ஒன்று எடுத்தால் 20 டாலருக்கு மேல். எது வேண்டுமென்று தெரியாததால் பதினைந்தை அள்ளிக்கொண்டு வருவோம். நானும் அள்ளினேன். அவற்றில் பத்து இன்னும் அட்டைகூடப் பிரிக்கப்படாமல் என் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன.

அந்தச் செலவை உங்களுக்கு மிச்சப்படுத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: லூரின் எண்ணிக்கையில் பணம் போடாதீர்கள். கண்ணுக்கு எளிதில் படாத நரம்பு (தூண்டில் நூல்), முடிச்சு, வளையம், முள் ஆகியவற்றில் போடுங்கள். பாராமுண்டி மீன் பிடிக்கப் போகும் முதல் பயணத்துக்கு ஆறு லூர் இருந்தால் தாராளம்.

பாராமுண்டி என்றதும் ஏதோ அயல்தேசத்து மீன் என்று நினைக்க வேண்டாம். பழவேற்காட்டிலும் முத்துப்பேட்டையிலும் நாம் கொடுவா என்று அழைக்கும் அதே மீன்தான். உப்பிலும் நன்னீரிலும் மாறி மாறி வாழும். முட்டையிடக் கழிமுகத்துக்கு இறங்கும். குஞ்சுகள் மழைவெள்ளத்தோடு சதுப்புக்கும் ஆற்றுக்கும் ஏறும். ஆணாக வளர்ந்து, 80, 90 சென்டிமீட்டர் அளவை எட்டும் வாக்கில் பெண்ணாக மாறிவிடும். மீட்டர் நீள மீனைத் தூக்கிக்கொண்டு படம் எடுப்பவர் கையில் இருப்பது அநேகமாக ஒரு தாய் மீன்.

கருவி வாங்குமுன் அதன் வாயைப் பற்றி மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, அது கடித்துப் பிடிப்பதில்லை. வாயைச் சடாரென்று அகலத் திறந்து, இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். நீர்ப்பரப்பில் இது நடந்தால் ‘பூஃப்’ என்று ஓர் ஒலி கேட்கும். இரவில் அந்த ஒலி கேட்டால் இதயம் ஒரு நொடி நின்று ஓடும். இரண்டாவது, அதற்குக் கோரைப்பல் கிடையாது. வாயின் உட்புறம் அரம் போலச் சொரசொரப்பாக இருக்கும். அதனால் எஃகுக் கம்பி தேவையில்லை, ஆனால் மெல்லிய நரம்பு தேய்ந்து அறும். மூன்றாவது, செவுள் மூடியின் ஓரம் அரிவாள்மணை. நரம்பையும் அறுக்கும், விரலையும் அறுக்கும்.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

டார்வினைத் தலைநகராகக் கொண்ட நார்தர்ன் டெரிட்டரியில் மீன்பிடிப்பவர்கள் ஆண்டை மழையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். பெருமழை ஓய்ந்து, சமவெளியில் நின்ற வெள்ளம் ஓடைகள் வழியாக ஆற்றுக்கு வடியும் காலம் மார்ச் முதல் மே வரை. ஓடை வாயில் தெளிந்த சதுப்பு நீரும் கலங்கிய ஆற்று நீரும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நிற்கும். வெள்ளத்தோடு வெளியேறும் சிறு மீனுக்காகக் கொடுவா அந்தக் கோட்டில் காத்திருக்கும். மீன் எங்கே நிற்கும் என்பதை ஆறே சொல்லிக்கொடுக்கும் பருவம் இது. டேலி ஆறு, மேரி ஆறு, சவுத் அலிகேட்டர் ஆறு எல்லாம் அப்போது களைகட்டும். அலிகேட்டர் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 200 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையை அளந்த ஃபிலிப் பார்க்கர் கிங், இங்கிருந்த முதலைகளை அமெரிக்க வகை என்று தவறாக எண்ணி வைத்த பெயர் அது. இருப்பவை உவர்நீர் முதலைகள். அவற்றைப் பற்றிப் பிறகு.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்ட, குளுமையான காலம். வானிலை சொர்க்கம், மீன் மந்தம். ஆற்றிலிருந்து பிரிந்து தேங்கி நிற்கும் பில்லபாங் என்ற நீர்நிலைகளில் அல்லி இலைகளின் ஓரமாகவும் ஆழமான பள்ளங்களிலும் தேட வேண்டும். மேரி ஆற்றுச் சமவெளியிலுள்ள கொரோபரீ, காக்கடு தேசியப் பூங்காவிலுள்ள யெல்லோ வாட்டர் ஆகியவை இந்தப் பருவத்துக்குப் பேர்போனவை. அக்டோபர் தொடங்கிப் புழுக்கம் ஏறும்போது மீன் மீண்டும் சுறுசுறுப்பாகும். மனிதர்கள்தான் சுருண்டுவிடுவோம்.

முதல் பயணமென்றால் ஒரு நாள் வாடகைக்கு வழிகாட்டியோடு படகு எடுப்பது நல்லது. அவர்களே ராடு (தூண்டில் கம்பு), ரீல் (நரம்பு சுற்றும் கருவி), லூர் எல்லாம் தந்துவிடுவார்கள். பதிவு செய்யும்போது இதைக் கேட்டுவிடுங்கள். தருகிறார்கள் என்றால் தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். இந்தக் கட்டுரையின் மீதி அடுத்த பயணத்துக்கு உதவும்.

ராடும் ரீலும்

இதில் அதிகம் குழம்ப ஒன்றுமில்லை. ஆறடி அல்லது ஆறரை அடி நீளத்தில், 6 முதல் 10 கிலோ நரம்புக்கு என்று குறித்திருக்கும் ராடு ஒன்று. அதைவிட நீளமானது படகில் பக்கத்தில் நிற்பவர் தொப்பியைத் தட்டும். நுனி சற்று வளைந்துகொடுக்க வேண்டும், அடிப்பகுதி விறைப்பாக இருக்க வேண்டும். மீன் முதலில் ஓடுவது அது ஒளிந்திருந்த மரக்கிளைக்குள்தான். அங்கிருந்து வெளியே இழுக்க அடிப்பகுதியின் பலம் வேண்டும்.

ரீலில் இரண்டு கட்சிகள் உண்டு. ராடுக்கு மேலே உட்கார்ந்து, நரம்பு சுற்றிய உருளையே சுழலும் பெய்ட்காஸ்டர்தான் பழைய டார்வின்காரர்களின் கருவி. குறி தப்பாமல் எறியலாம், பெருவிரலால் நரம்பை நிறுத்தலாம். ஆனால் பழகாத கையில் உருளை நரம்பைவிட வேகமாகச் சுழன்று, அரை நிமிடத்தில் தூக்கணாங்குருவி பார்த்துப் பொறாமைப்படும் ஒரு கூட்டைக் கட்டிவிடும். ராடுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. 4000 என்று அளவிட்ட ஸ்பின்னிங் ரீலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் புதியவருக்கு நான் சொல்வேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நாள் முழுக்கச் சிக்கெடுப்பதற்கா 3,000 கிலோமீட்டர் பறந்து வந்தீர்கள்?

பெய்ட்காஸ்டர்தான் வேண்டும் என்றால் வீட்டுப் புல்வெளியில் ஒரு வாரம் பழகிவிட்டு வாருங்கள். முட்களைக் கழற்றிய பழைய லூரைக் கட்டுங்கள். உருளையை விடுவித்ததும் லூர் தன் எடையால் மெதுவாக இறங்க வேண்டும். தரையைத் தொட்ட கணமே உருளை நிற்க வேண்டும். அதுவரை பக்கத்திலுள்ள சிறு திருகை இறுக்குங்கள். தூரம் முக்கியமில்லை. 15 மீட்டரில் ஒரு வாளியைக் குறிவைத்து அதற்குள்ளோ அருகிலோ விழவைக்கப் பழகினால் போதும். ஆற்றில் தேவைப்படுவது அதுதான்.

நரம்பு, லீடர், முடிச்சு

இனிமேல்தான் விஷயம்.

ரீலில் ஏற்றுவது பிரெய்டு எனப்படும் பின்னல் நூல். 30 பவுண்டு பலமுள்ளது 150 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். நைலானைப் போல நீளாது என்பதால், லூர் ஓர் இலையை உரசினாலும் கையில் தெரியும். ஒரு நுணுக்கம்: பின்னல் நூலை வெற்று உருளையில் நேரடியாகக் கட்டினால், மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். முதலில் சாதாரண நைலானைப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றி, அதன் மேல் பின்னலைக் கட்டுங்கள்.

பின்னல் நூல் உரசலைத் தாங்காது. அதனால் அதன் முனையில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குத் தடித்த நைலான் லீடர் கட்ட வேண்டும். 50 பவுண்டு சரியான நடு அளவு. மரக்கட்டை அதிகமுள்ள இடத்திலும் பெரிய மீன் நடமாடும் இடத்திலும் 60 அல்லது 80. சிறிய மேல்நீர் லூர் எறியும்போது 40 இருந்தால் அசைவு நன்றாக வரும். என்னைத் தம் படகில் அழைத்துப்போகும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இன்றுவரை இதைத் தங்கூசி என்றுதான் சொல்வார். டார்வின் கடையில் ஜப்பானிய நைலானைக் கையில் உருட்டிப் பார்த்து, “நல்ல தங்கூசி” என்று அவர் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் நான் பணம் கொடுப்பது வழக்கம்.

பின்னலையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி என்ற முடிச்சு மெலிதானது, ராடின் வளையங்களில் தட்டாது. ஆனால் ஆடும் படகில் நின்றுகொண்டு கட்டுவது புதியவருக்கு ஆகாத காரியம். இரட்டை யூனி முடிச்சைப் பழகுங்கள். பின்னல் பக்கம் எட்டுச் சுற்று, லீடர் பக்கம் நான்கு சுற்று போட்டு, எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் அங்கேயே பலம் இழக்கும்.

லூரைக் கட்டும் முடிச்சு இன்னும் முக்கியம். லூரின் மூக்கில் இறுக்கிக் கட்டிவிட்டால் தடித்த லீடர் அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும், லூர் ஆடாது. கண்ணி முடிச்சு வேண்டும். லீடர் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். நுனியை லூரின் வளையத்தில் நுழைத்து, அந்தத் தளர்ந்த முடிச்சின் வழியாகவே, அது வெளியே வந்த அதே பக்கமாக, திருப்பிக் கொண்டுவாருங்கள். பிறகு நுனியை மேலே போகும் நரம்பின் மீது மூன்று முறை சுற்றி, மீண்டும் அந்தத் தளர்ந்த முடிச்சுக்குள் அதே பக்கமாக இறக்கி, நனைத்து இறுக்குங்கள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணி நின்றால் சரி. லூர் அதில் ஊஞ்சல் போல ஆடும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே முப்பது முறை கட்டிப் பழகினால், கொசுக்கடிக்கு நடுவே அரையிருட்டிலும் கை தானாகக் கட்டும்.

முடிச்சுக்குப் பதில் கிளிப் மாட்டினால் லூரை நொடியில் மாற்றலாம். தப்பில்லை. ஆனால் கடலுக்கென்று செய்த, தடித்த கம்பி கிளிப்பாகப் பாருங்கள். தலையை உலுக்கும் மீனிடம் மெல்லிய கிளிப் ஊக்கு போல விரிந்துவிடும்.

மீன் இழுக்கும்போது நரம்பைக் கட்டுப்பாட்டோடு கழலவிடும் ரீலின் இழுவைத் தடையை எவ்வளவு இறுக்குவது? 30 பவுண்டு நூலுக்கு 4 கிலோவில் தொடங்குங்கள். இதை அளக்க நம் வீடுகளில் கட்டாயம் ஒரு கருவி இருக்கும்: ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு. நரம்பின் நுனியை அதன் கொக்கியில் மாட்டி, ராடை வளைத்து ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தராசை இழுக்க வேண்டும். 4 கிலோ காட்டும்போது நரம்பு கழல ஆரம்பித்தால் சரி.

லூர்: ஆழம் முதலில், நிறம் கடைசியில்

கடையில் நிறத்தைப் பார்க்காதீர்கள். லூரின் வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் நாக்கைப் பாருங்கள். அது சிறியதாக, கீழ்நோக்கிச் செங்குத்தாக இருந்தால் லூர் அதிக ஆழம் போகாது. நீளமாக, அகலமாக, முன்னோக்கிப் படுத்திருந்தால் ஆழமாகப் பாயும். எத்தனை மீட்டர் என்று பெரும்பாலும் அட்டையிலேயே போட்டிருப்பார்கள். இரண்டு மீட்டர் பள்ளத்தின் அடியில் கிடக்கும் மீனின் தலைக்கு மேல் உலகத்திலேயே அழகான லூர் போனாலும் அது கண்டுகொள்ளாது. ஆகவே பெட்டியை ஆழத்தை வைத்து நிரப்புங்கள்.

மேல்நீருக்கு ஒன்று. குச்சி போன்ற உடலோடு, ராடைச் சுண்டினால் இடதும் வலதுமாக நெளிந்து வரும் வகை நல்லது. விடியலிலும் அந்தியிலும் அல்லி ஓரத்தில் எறிய. மீன் லூரை வாயில் வாங்கும்போது எழும் ஒலியைக் கேட்டதும் ராடை வெட்டி இழுக்காதீர்கள். பாதிப் பேர் மீனை இழப்பது இங்கேதான். ஒலி காதுக்கு, கனம் கைக்கு. கனம் தெரிந்த பிறகு இழுங்கள்.

ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை நீந்தும், 10 முதல் 15 சென்டிமீட்டர் நீள மிதவை லூர் இரண்டு. இதுவே உங்கள் அன்றாடச் சோறு. தங்க நிறப் பாம்பர் லாங் ஏ, ஃபின்லாந்தின் நில்ஸ் மாஸ்டர் இன்வின்சிபிள், டார்வினிலேயே பிறந்த ரீடிஸ் பி52 ஆகிய பெயர்கள் இங்கே பரம்பரை பரம்பரையாக ஓடுகின்றன. மிதவை லூருக்கு ஒரு பெரிய நன்மை: மூழ்கிய கிளையில் நாக்கு தட்டினால் இழுப்பதை நிறுத்துங்கள். அது பின்வாங்கித் தானே மேலே மிதந்து வந்துவிடும். பதறி வேகமாகச் சுற்றுகிறவர்தான் முள்ளைக் கட்டையில் பதிக்கிறார்.

மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பாயும் ஆழ லூர் இரண்டு. படகுக்குப் பின்னால் இழுத்துச் செல்வதற்கு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹால்கோ நிறுவனத்து ஸ்கார்ப்பியன் வகை இதற்கு உறுதியானது. படகு மனிதர் நடக்கும் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. லூர் 25 மீட்டர் பின்னால் வரட்டும். ராடின் நுனியையே பாருங்கள். லூர் சரியாக ஆடினால் நுனி இடைவிடாமல் துடிக்கும். துடிப்பு நின்றால் பாசியோ இலையோ மாட்டியிருக்கிறது. அப்படியே அரைமணி நேரம் இழுத்துக்கொண்டு போனால் நீங்கள் செடியைத்தான் உலா அழைத்துப் போகிறீர்கள்.

கடைசியாக மென்ரப்பர் மீன் ஒரு பொட்டலம். நான்கைந்து அங்குல நீளம், துடுப்பு போன்ற வால். வயிற்றில் ஈயம் வைத்த ஒற்றை முள்ளில், முனை ரப்பருக்குள் ஒளிந்திருக்கும்படி கோத்தால் அல்லிக்கொடிகளுக்கு நடுவே சிக்காமல் வரும். மூன்று முனை முட்கள் தொங்கும் கட்டை லூரை அங்கே எறிவது, வேலிமுள்ளில் வேட்டியை வீசுவது போல. வறண்ட பருவத்தில் பில்லபாங் போகிறவர் எதை விட்டாலும் இதை விட வேண்டாம். இலையின் மேலேயே விழவைத்து, தவளை போல நீருக்குள் நழுவவிடுங்கள்.

நிறத்துக்கு வருவோம். தெளிந்த நீருக்குத் தங்கம், வெள்ளி, இயல்பான மீன் நிறங்கள். கலங்கலுக்குக் கிளிப்பச்சையோ ஆரஞ்சோ ரோஜாவோ. இருட்டுக்குக் கருப்பு. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் பின்னணியில் கருப்பு உருவம்தான் தெளிவாகத் தெரியும். இதற்கு மேல் நிறத்தைப் பற்றி யார் பேசினாலும், கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

முள்ளை மாற்றினீரா?

கொரோபரீயில் என் இரண்டாவது பயணம். ஆகஸ்ட் மாதக் காலை, நீர்மேல் மெல்லிய ஆவி. யாழ்ப்பாணத்து அண்ணன் படகை அல்லி ஓரமாக நிறுத்தினார். புதிதாக வாங்கிய மலிவு லூரை எறிந்து, இரண்டு சுண்டு, ஒரு நிறுத்தம். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. அடுத்த நொடி மீன் நீரிலிருந்து முழுதாக எழும்பி, வாயைப் பிளந்து, தலையை உலுக்கியது. சிவந்த கண்ணைக்கூடப் பார்த்தேன். இரண்டாவது முறை எழும்பியபோது நரம்பு லேசாகிவிட்டது. லூர் திரும்பி வந்தது. பின்முள்ளின் மூன்று முனைகளில் ஒன்று, யாரோ இடுக்கியால் நீட்டிவிட்டது போல நேராக நின்றது.

“தம்பி, முள்ளை மாற்றினீரா?” என்றார் அண்ணன்.

“கடையில் வந்த முள்தான் அண்ணா.”

“அப்ப மீனும் கடைக்காரனுடையதுதான்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றினார்.

மலிவு லூர்கள் பலவற்றில் நன்னீர்ச் சிறுமீனுக்குப் போதுமான மெல்லிய முட்களே இருக்கும். கடலுக்கென்று செய்த, கம்பி தடித்த மூன்று முனை முட்களை வாங்கி மாற்றுங்கள். ஓனர், விஎம்சி, முஸ்டாட் போன்ற பெயர்களில் 4எக்ஸ் என்று குறித்திருப்பவை பலமானவை. முள்ளை லூரோடு பிணைக்கும் வளையத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேருக்கு அச்சாணி மாதிரி, சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத அந்த வளையம்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. வளையத்தை விரிக்க நகத்தைப் பயன்படுத்தாதீர்கள். மூக்கு வளைந்த சிறப்பு இடுக்கி சில டாலர்தான்.

ஒரு எச்சரிக்கை: முள் கனமானால் மிதக்கும் லூர் மூழ்கக்கூடும், ஆட்டமும் மாறும். மாற்றிய பிறகு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் நல்லது, அசையாமல் பாதியில் நின்றால் அதைவிட நல்லது. கல்லாக இறங்கினால் ஓர் அளவு சிறிய முள் போடுங்கள்.

ஒவ்வொரு முனையிலும் பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுவது என் பழக்கம். நரம்பு தளராதவரை மீன் தப்பாது. விடுவிப்பது எளிது. அந்த முள் உங்கள் விரலில் ஏறும் நாளில் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

எறிந்த பிறகு

விழுந்த மரத்தின் நிழலுக்குள், கிளைக்கு ஒரு சாண் அருகில் லூர் விழ வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி விழுந்தால் அநேகமாக வீண். விழுந்ததும் மூன்று சுற்று வேகமாகச் சுற்றி ஆழத்துக்கு இறக்குங்கள். பிறகு ராடைக் கீழே பிடித்து இரண்டு சுண்டு, நிறுத்தம். நிறுத்தத்தில் இரண்டு எண்ணுங்கள், மூன்று எண்ணினாலும் சரி. புதியவரால் செய்ய முடியாத ஒரே காரியம் இந்தச் சும்மா இருத்தல். மீன் லூரை வாயில் வாங்குவதோ பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஒரே கிளைக்குப் பத்து முறை எறியத் தயங்க வேண்டாம். எட்டாவது முறை எரிச்சலில் வந்து விழுங்குவதுண்டு.

கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆறுகளில் நேரம்தான் எல்லாம். டார்வின் கரையில் பெரிய ஓதநாளில் நீர்மட்டம் 7 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றி முடியும் கடைசி ஒரு மணி நேரமும், ஏறத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரமும் ஓடை வாய்களில் நிற்கப் பாருங்கள். மற்ற நேரத்தில் சாப்பிடலாம்.

மீன் எழும்பும்போது ராடின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்துங்கள், நரம்பை மட்டும் தளரவிடாதீர்கள். படகருகே வந்ததும் கடைசியாக ஒருமுறை பாயும். அப்போது தடையை இறுக்கிவிட்டு அறுத்துக்கொள்பவர்கள் ஏராளம். முடிச்சில்லாத ரப்பர் வலைக்கூடையில் தலைப்பக்கமாக ஏந்துங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி அரை மீட்டரை விரலால் தடவுங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

பெரிய மீனை வாயைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள், அதன் எடையே அதன் முதுகெலும்புக்குப் பகை. ஒரு கை வயிற்றுக்குக் கீழே வேண்டும். விடுவிப்பதென்றால் வலைக்கூடைக்குள்ளேயே நீரில் வைத்து, அது உதறிக் கிளம்பும்வரை பொறுங்கள். கையை நீருக்குள் விட வேண்டாம்.

ஏன் விட வேண்டாம் என்றால்

இந்த ஆறுகள் அனைத்திலும் உவர்நீர் முதலை உண்டு. நன்னீர்க் குட்டையில் இருக்காது என்று நினைப்பது தவறு. கரையிலிருந்து எறிபவர் நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிற்கக்கூடாது. அது உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கும். மீனைக் கழுவிக் குடலைக் கரையில் போடாதீர்கள். 20 டாலர் லூர் கிளையில் மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்துவிடுங்கள். படகில் நீள மடக்குக் கம்பு ஒன்று இருந்தால் உட்கார்ந்தபடியே தள்ளி எடுக்கலாம். படகுக்கு வெளியே கையும் காலும் வேண்டாம்.

சட்டமும் சுருக்கமாக. நார்தர்ன் டெரிட்டரியில் பொழுதுபோக்குக்கு மீன்பிடிக்க உரிமம் தேவையில்லை. பாராமுண்டியின் குறைந்தபட்ச நீளம் 55 சென்டிமீட்டர். எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்பது ஆற்றுக்கு ஆறு மாறும், கிளம்புமுன் அரசுப் பக்கத்தில் பாருங்கள். மேரி, டேலி ஆறுகளின் சில பகுதிகள் அக்டோபர் முதல் ஜனவரி இறுதி வரை மூடப்படுவது வழக்கம். காக்கடுவுக்கு நுழைவுச் சீட்டு வேண்டும். கரையோரத்தின் பெரும்பகுதி பழங்குடியினரின் நிலம். ஓதம் ஏறி இறங்கும் நீரும் அதில் சேரும் என்று 2008இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கே அனுமதி பெற வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டறிவது மரியாதை. எல்லை தாண்டிக் குயின்ஸ்லாந்து போனால் அளவுகளும் மூடும் தேதிகளும் வேறு.

பெட்டியில் இன்னும் சில: நீள மூக்கு இடுக்கி, நரம்பு வெட்டும் கத்தரி, ஒரு ஜோடி கையுறை, நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியை மறைக்கும் கருப்புக் கண்ணாடி, கொசுவைவிடக் கொடிய மணற்பூச்சிக்கு மருந்து, ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர்.

வீடு திரும்பியதும் ரீலின் தடையைத் தளர்த்துங்கள். உப்புநீரில் போயிருந்தால் ராடையும் ரீலையும் நல்ல தண்ணீரில் மெதுவாக நனைத்துத் துடையுங்கள், குழாயைப் பீய்ச்ச வேண்டாம், உப்பு உள்ளே போய்விடும். பயன்படுத்திய லூர்களை மற்றவற்றோடு சேர்க்காமல் ஒரு பழைய துண்டின் மேல் இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஈரமான ஒரே முள் மூடிய பெட்டிக்குள் போனால், அடுத்த பருவத்தில் திறக்கும்போது ஆறு லூரும் துருப்பிடித்திருக்கும்.